வயரிங்கை எடுத்துட்டு வயர்லெஸ் போட்டா வண்டி எடை நிஜமா எவ்வளவு குறையும்?

#1 · ரேஸ்பெட்டி_ஈவி

வணக்கம். ஃபார்முலா பாரத் (கல்லூரி மாணவர் ரேஸ் வண்டிப் போட்டி) எலெக்ட்ரிக் பிரிவுக்கு எங்க கல்லூரி அணி வண்டி கட்டுது. பழைய வண்டியோட லோ வோல்டேஜ் வயரிங் கட்டை முழுசா உருவி எடை போட்டா 5.8 கிலோ. புது வண்டியில சென்சர் எல்லாத்தையும் ஈ.எஸ்.பி.32 (வைஃபை ரேடியோ உள்ள சின்ன கன்ட்ரோலர் சிப்) வச்சு வயர்லெஸ் ஆக்கிடலாம்னு யோசனை. டேம்பர் பொட்டென்ஷியோமீட்டர் (ஷாக் அப்சார்பர் நகர்வை அளக்கறது) 4, வீல் ஸ்பீடு 4, பிரேக் டிஸ்க் வெப்பம் 4, பிரேக் பிரஷர் 2, கூலன்ட் வெப்பம் 2, ஸ்டியரிங் கோணம் 1, ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சர் 2. எல்லாம் ஈ.எஸ்.பி.-நவ் (அந்த சிப்கள் நேரா பேசிக்கிற ரேடியோ முறை) வழியா நடுவுல இருக்கிற கன்ட்ரோலருக்குப் போகும். பேட்டரி பெட்டிக்குள்ளயும் அதே மாதிரி. 4 கிலோ குறையும்னு எதிர்பார்க்கிறோம். இதுல என்ன சிக்கல் வரும்னு சொல்லுங்க.

#2 · செம்புத்தராசு

தம்பி, அந்த 4 கிலோ எங்கிருந்து வரும்? முதல்ல 5.8-ஐப் பிரித்துக் காட்டுங்கள். கட்டை அவிழ்த்து மின்சாரம் போகும் கம்பி, சிக்னல் கம்பி, கனெக்டர், ஸ்லீவ் என்று நாலு குவியலாகப் போட்டு எடை பாருங்கள். அவிழ்க்க முடியாதென்றால் கணக்குப் போடலாம். செம்பின் அடர்த்தி 8.96. ஆக 1 சதுர மி.மீ. கம்பி மீட்டருக்கு 9 கிராம். 0.5 சதுர மி.மீ. என்றால் செம்பு 4.5 கிராம், பி.வி.சி. உறையோடு சுமார் 7. அமெரிக்க கேஜில் 24 என்பது 0.2 சதுர மி.மீ.; மெல்லிய ஈ.டி.எஃப்.இ. பிளாஸ்டிக் உறையோடு சுமார் 3 கிராம். கடையில் வெறுமனே "24 கேஜ்" என்று கேட்டால் பிரிட்டிஷ் கேஜ் கம்பியைத் தந்துவிடுவார்கள், அது வேறு அளவு. சதுர மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.

#3 · ரேஸ்பெட்டி_ஈவி

பிரிச்சாச்சு சார். விசிறி, பம்ப்புக்குப் போற கம்பி 0.9 கிலோ. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ், இன்வெர்ட்டர் கன்ட்ரோல் சப்ளை 0.6. சென்சர் கம்பி 1.1. கேன் பஸ் (கன்ட்ரோலர்கள் தகவல் பேசிக்கிற ரெண்டு கம்பி), டேஷ் 0.4. ஷட்டவுன் லூப் (ஆபத்துல ஹை வோல்டேஜை வெட்டுற பாதுகாப்புச் சுற்று) 0.7. பேட்டரி பெட்டிக்குள்ள 0.3. கனெக்டர் மட்டும் 1.2. ஸ்லீவ், ஹீட் ஷ்ரிங்க், டேப், டை எல்லாம் சேர்த்து 0.6. சென்சருக்கெல்லாம் 0.5 சதுர மி.மீ. பி.வி.சி. போட்டிருக்கோம்.

#4 · செம்புத்தராசு

பார்த்தீர்களா, சென்சர் கம்பி முழுவதையும் மாயமாக்கினாலும் 1.1 கிலோதான். அதிலும் எல்லாம் போகாது. டேம்பர் சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பி: 5 வோல்ட், எர்த், சிக்னல். வயர்லெஸ் ஆக்கினால் போவது சிக்னல் கம்பி ஒன்று மட்டும். சப்ளைக்கும் எர்த்துக்கும் கம்பி வேண்டும், இல்லையென்றால் சென்சர் பக்கத்திலேயே ஒரு செல் வைக்க வேண்டும்.

24 கேஜில் நாலு டேம்பர் சென்சருக்கு 4 × 3 கம்பி × 1.8 மீட்டர் × 3 கிராம், மொத்தம் 65 கிராம். வயர்லெஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் ரேடியோ மாட்யூல் 3 கிராம், பி.சி.பி., ரெகுலேட்டர், தண்ணீர் புகாத சிறு பெட்டி, 500 மில்லிஆம்பியர்-ஹவர் லித்தியம் பாலிமர் செல் ஒரு 11 கிராம், மாட்டும் பிராக்கெட், போல்ட். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 35 கிராமுக்குக் கீழே வராது. நாலுக்கு 140. 65 கிராமை எடுத்துவிட்டு 140 கிராம் வைக்கிறோம்.

எடை குறைய வழி வேறு. பெடல் சென்சர் இரண்டையும் தொடாதீர்கள், அவை நேராகக் கன்ட்ரோலருக்கே போகட்டும். மீதி 17 சென்சருக்கு ஏறத்தாழ 50 கம்பி, சராசரி 2.4 மீட்டர், மொத்தம் 120 மீட்டர். 7 கிராம் வீதம் 840 கிராம். முன்பக்கம் பெடல் பெட்டிக்கு மேலே ஒரு சிறு போர்டு, பின்பக்கம் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. சென்சர்கள் பக்கத்துப் போர்டோடு முடியும். கம்பி சராசரி 0.6 மீட்டராகிவிடும்: 30 மீட்டர், 24 கேஜில் 90 கிராம். போர்டு பெட்டியோடு 90 கிராம், இரண்டுக்கு 180. இரண்டு போர்டையும் கன்ட்ரோலரோடு இணைக்க சப்ளை, எர்த், கேன் ஜோடி என நாலு கம்பி, மொத்த ஓட்டம் 2.5 மீட்டர், 47 கிராம் (சப்ளையும் எர்த்தும் கொஞ்சம் தடித்த கம்பி). ஆக 317 கிராம். அரை கிலோவுக்கு மேல் மிச்சம், அதுவும் வயரிலேயே.

இப்போது அந்த இரண்டு போர்டையும் வயர்லெஸ் ஆக்குங்கள். போவது 47 கிராம். வருவது இரண்டு செல், 22 கிராம். லாபம் 25 கிராம். ஆன்டெனாவைச் சேர்த்தால் அதுவும் கரையும்.

#5 · அலைவரிசை_அக்கா

எடைக் கணக்கு சரி. ரேடியோ பக்கமும் சொல்லிடறேன், ஏன்னா டெலிமெட்ரிக்கு (ஓடும் வண்டியின் அளவுகளை ரேடியோவில் வெளியே அனுப்பறது) எப்படியும் போடுவீங்க.

உங்க வண்டி கார்பன் ஃபைபர் மோனோகாக் (ஒரே ஓடாக வார்த்த உடல்) என்றால் முதல் சுவர் அதுதான். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது உலோகத் தகடு மாதிரி. உள்ளே ஒரு போர்டு, வெளியே ஒரு போர்டு என்றால் பேசிக்காது. கண்ணாடி ஃபைபரில் ஒரு ஜன்னல் வைக்கணும், இல்லை ஆன்டெனாவை வெளியே எடுக்கணும். ஸ்டீல் குழாய் ஃபிரேம் என்றால் இந்தத் தொல்லை குறைவு. அலைநீளம் 12.5 செ.மீ., பாடி பேனல் கழட்டியிருந்தால் நல்லாவே போகும். அப்புறம் டிரைவர் உட்காருவார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4-ஐ நல்லா உறிஞ்சும். காலி சீட்டில் டெஸ்ட் பண்ணிட்டு "லிங்க் சூப்பர்"னு எழுதுறது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து.

போர்டில் அச்சடிச்ச ஆன்டெனாவைச் சுத்தி 15 மி.மீ. உலோகமோ கம்பியோ வரக்கூடாது. முடிஞ்சா ஆன்டெனா முனை போர்டு விளிம்பைத் தாண்டி வெளியே நிக்கட்டும். இன்வெர்ட்டர் ஸ்விட்சிங் சத்தம் நேரா 2.4 வரை வர்றது குறைவு. ஆனா அது சப்ளையை ஆட்டும். ஈ.எஸ்.பி.32 அனுப்பும்போது 240 மில்லிஆம்பியர் வரை ஒரு துள்ளு துள்ளும். அந்த நேரத்தில் சப்ளை சரிஞ்சா பிரவுன்-அவுட் ரீசெட், அதாவது மின்னழுத்தம் குறைஞ்சு சிப் தானா திரும்பத் தொடங்கும். ரேடியோ போச்சுன்னு நினைப்பீங்க, போனது கெப்பாசிட்டர் போடாத சப்ளை.

சராசரித் தாமதத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. சராசரி 5 மில்லி விநாடி இருக்கும், பிட்டில் இருபது அணி ஹாட்ஸ்பாட் போட்டதும் நடுவில் ஒரே ஒரு தடவை 150 வரும். பெடல் சென்சர் இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் 100 மில்லி விநாடிக்கு மேல் நீடிச்சா மோட்டாருக்குப் போற பவரை நிறுத்தணும்னு விதி. பாக்கெட் வராத நேரத்தை உங்க கன்ட்ரோலர் எப்படி எடுத்துக்கும்? பழைய மதிப்பையே வச்சிருந்தா ஆபத்து, கட் பண்ணினா வண்டி நடு டிராக்கில் நிக்கும். ஈ.எஸ்.பி.-நவ்வில் பிராட்காஸ்ட் அனுப்பினால் போய்ச் சேர்ந்துச்சான்னு பதிலே வராது, அதையும் மறக்காதீங்க.

#6 · பழைய_பத்மினி

நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும். ரேஸ் வண்டிய விடுங்க. சாதாரண கார்ல வயரிங் கட்டு அவ்வளவு கனம், கிலோமீட்டர் கணக்குல கம்பின்னு படிக்கிறோமே. அங்க வயர்லெஸ் வேலைக்கு ஆகாதா?

#7 · செம்புத்தராசு

கார்க் கணக்கும் இதேதான், அளவுதான் பெரிது. நடுத்தரக் காரில் கட்டு 25 கிலோவைத் தாண்டும், சொகுசுக் காரில் 50-ஐயும் தொடும். சிக்னல் கம்பிகள் எண்ணிக்கையில் அதிகம், எடையில் குறைவு. எடை இருப்பது பேட்டரி கேபிள், ஸ்டார்ட்டர், சீட் ஹீட்டர், கண்ணாடி ஹீட்டர், விசிறி, ஸ்டியரிங் மோட்டார் ஆகியவற்றின் சப்ளையிலும் எர்த்திலும்.

சிக்னல் கம்பியைக் குறைக்கும் வேலை எப்போதோ நடந்து முடிந்தது. பாஷ் நிறுவனம் கேன் பஸ்ஸை 1986-இல் வெளியிட்டது. 1991-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறியது. அதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு கம்பி, பிறகு எல்லாவற்றுக்கும் இரண்டே கம்பி. கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் மோட்டார், பூட்டு, கண்ணாடி எல்லாம் லின் பஸ்ஸில் (கேனை விட எளிய, ஒற்றைக் கம்பித் தகவல் பாதை) என்றால் தகவலுக்கு ஒரே கம்பி. அந்த ஒன்றை வயர்லெஸ் ஆக்கினால் கதவுக்கு 15 கிராம் கூட மிஞ்சாது. ஜன்னல் மோட்டாருக்குத் தடித்த கம்பி இரண்டும் அப்படியே ரப்பர் பூட் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நிறுவனங்கள் எடையைக் குறைத்த வழியைப் பாருங்கள். அமெரிக்க மின்வண்டி நிறுவனம் ரிவியன் 2024-இல் ஆர்1 வண்டியின் இரண்டாம் தலைமுறையில் கன்ட்ரோலர்களை 17-இலிருந்து 7 ஆக்கியது. வண்டிக்கு 2.6 கிலோமீட்டர் கம்பி, 20 கிலோ எடை குறைந்தது என்று அறிவித்தது. வயர்லெஸ் அல்ல, மண்டலம் மண்டலமாகப் பிரித்தது. மேலே தம்பிக்குச் சொன்ன இரண்டு போர்டு யோசனையின் பெரிய வடிவம். டெஸ்லா சைபர்டிரக்கில் லோ வோல்டேஜை 48-க்கு உயர்த்தியது. மின்னோட்டம் கால்பங்கு, செம்பும் அந்த அளவுக்கு மெலியும்.

ஏர்பேக் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: ஏர்பேக் வெடிகுழலுக்கு மில்லி விநாடிக் கணக்கில் ஓர் ஆம்பியருக்கு மேல் தள்ள வேண்டும். கட்டளையை ரேடியோவில் அனுப்பினாலும் மின்சாரம் கம்பியில்தான் போகும்.

#8 · செல்பெட்டி

பேட்டரி விஷயத்தில் மட்டும் வயர்லெஸ் நிஜமாகவே ரோட்டில் ஓடுகிறது. ஜி.எம். 2020 செப்டம்பரில் அல்டியம் பேட்டரிக்கு சிப் நிறுவனம் அனலாக் டிவைசஸோடு சேர்ந்து வயர்லெஸ் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) அறிவித்தது. பேக்குக்குள் இருக்கும் வயரிங்கில் 90 சதவீதம் வரை குறையும் என்றார்கள், ஹம்மர் ஈ.வி.யில் அது வந்தது. அதற்கு முன் 2016-இலேயே பி.எம்.டபிள்யூ. ஐ3-ல் லீனியர் டெக்னாலஜி ஒரு மாதிரி வண்டி காட்டியது.

அங்கே ஏன் ஒத்துவருகிறது? செம்புத்தராசு சொன்ன தடை அங்கே இல்லை. மாட்யூலில் (பேக்கில் உள்ள ஒரு செல் தொகுதி) உட்காரும் போர்டுக்கு சப்ளை அதே செல்களிலிருந்து கிடைக்கிறது. தனிக் கம்பியும் வேண்டாம், தனி செல்லும் வேண்டாம். ஒவ்வொரு மாட்யூலும் வேறு வேறு மின்னழுத்தத்தில் மிதப்பதால் வயரில் தகவல் அனுப்ப டிரான்ஸ்ஃபார்மரோ கெப்பாசிட்டரோ வைத்துத் தனிமைப்படுத்த வேண்டும். ரேடியோவில் காற்றே அந்தத் தனிமைப்பாடு.

ஆனால் அங்கேயும் எடைக்காகச் செய்வதில்லை. 12 மாட்யூல் பேக்கில் மாட்யூலுக்கு மாட்யூல் போகும் முறுக்கிய ஜோடி 0.4 மீட்டர் வீதம் போட்டால் 30 கிராமுக்குள். கனெக்டர் 24, ஆளுக்கு 5 கிராம் என்றாலும் 120. அரை டன் பேக்கில் 150 கிராம் யார் பார்க்கிறார்கள்? லாபம் வேறு இடத்தில். அந்தக் கனெக்டர்களைக் கையால்தான் மாட்ட வேண்டும், ரோபோவுக்கு வளையும் கம்பி ஒத்துவராது. அரைகுறையாக மாட்டிய கனெக்டர் ஒன்று பேக் முழுவதையும் திறக்க வைக்கும். பழைய மாட்யூலைப் பிரித்து வீட்டு சோலாருக்குக் கொண்டுபோகும்போதும் வயர் இல்லாதது வசதி.

போகும் வழியில் தலைவலியும் உண்டு. பேக் என்பது மூடிய உலோகப் பெட்டி. அலை எதிரொலித்து, சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னலே இல்லாத குழி விழும். அதனால் ஒரே சானலில் நிற்காமல் தாவித் தாவிப் பேச வேண்டும், மாஸ்டர் ரேடியோ இரண்டு வேறு மூலையில் வைக்க வேண்டும். செல்லுக்கும் மூடிக்கும் நடுவில் ஆன்டெனாவுக்கு இடைவெளி விட வேண்டும், அந்த உயரம் எடையாகத் திரும்பி வரும். ரேடியோ செல்லிலிருந்தே குடிப்பதால் வண்டி நிற்கும்போது கசிவு வேறு. ஒரு மாட்யூல் போர்டு மற்றதை விட சராசரி 1 மில்லிஆம்பியர் கூடக் குடித்தால் 30 நாளில் 720 மில்லிஆம்பியர்-ஹவர் அந்த மாட்யூல் மட்டும் பின்தங்கும். மற்றவற்றில் மிஞ்சிய சார்ஜை பேலன்சிங் ரெசிஸ்டர் விடிய விடிய எரித்துச் சரிசெய்ய வேண்டும்.

#9 · வானூர்தி

விமானத்தில் எடைக்காகவே வயர்லெஸ் கேட்கிறார்கள். ஏ380-இல் கம்பி நீளம் 530 கி.மீ. அந்தக் கட்டுகளின் வரைபடம் ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வேறு வேறு பதிப்பில் போனதால், பொருத்தும்போது கம்பி நீளம் போதாமல் மொத்தத் திட்டமும் தள்ளிப்போனது ஊரறிந்த கதை.

2015 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாடு 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை விமானத்துக்குள் கருவிகள் பேசிக்கொள்ள ஒதுக்கியது. ஏற்கெனவே ரேடியோ ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரம் அளக்கும் கருவி) இருக்கும் பட்டை. கம்பியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம் என்பது அந்தத் துறையின் மதிப்பீடு. அது எந்தப் பங்கு என்று பாருங்கள்: கதவு மூடியதா, டயர் அழுத்தம், கேபின் விளக்குக் கட்டளை, புகை உணரி, இரட்டை வயரிங்கில் இரண்டாவது பாதை. மோட்டாருக்கு மின்சாரம் போகும் கம்பி அதில் இல்லை. இரட்டைப் பாதை என்பதுதான் விமானத்துக்கு முக்கியம். இரண்டு கம்பியும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் இரண்டும் போகும், ஒன்று ரேடியோ என்றால் அப்படிப் போகாது. காரில் அந்த இரண்டாவது பாதையே பெரும்பாலும் கிடையாது, நீக்க என்ன இருக்கிறது?

#10 · ரேஸ்பெட்டி_ஈவி

புரியுது. அப்போ பேட்டரி பெட்டிக்குள்ள மட்டும் வயர்லெஸ் போடலாமா? 6 மாட்யூல், எல்.டி.சி.6811 சிப் (செல் மின்னழுத்தம் அளக்கறது). ஷட்டவுன் லூப் 0.7 கிலோவையும் ரேடியோ ரிலே வச்சுக் குறைக்க முடியுமா?

#11 · செல்பெட்டி

ஷட்டவுன் லூப்பைத் தொடவே கூடாது. அந்த லூப்பில் ஓடும் மின்சாரமே ஏ.ஐ.ஆர். கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கும், வெட்டும் பெரிய ரிலே) காயிலைப் பிடித்திருக்கணும் என்பது விதி. எமர்ஜென்சி பட்டன், இனர்ஷியா சுவிட்ச் (மோதினால் திறப்பது), பிரேக் ஓவர்-டிராவல், ஐ.எம்.டி. (இன்சுலேஷன் கண்காணிப்பு), ஏ.எம்.எஸ். (பேட்டரி கண்காணிப்பு) எல்லாம் தொடராக. நடுவில் ரேடியோ வந்தால் எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்ஷனில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் காயில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். உங்கள் லூப்பில் 1 சதுர மி.மீ. போட்டிருந்தால் அது அதிகம். இரண்டு கான்டாக்டர் மூடும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தையும், லூப் முழு நீளத்தில் விழும் மின்னழுத்தத்தையும் கணக்கிட்டு அளவைக் குறையுங்கள். பட்டனுக்குப் பட்டன் போகும் பாதையை ஒரு வளையமாக வரைந்தாலே பல மீட்டர் மிச்சமாகும். பலர் ஒவ்வொரு பட்டனுக்கும் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து போய்த் திரும்பி வருகிறார்கள்.

பேட்டரி பெட்டி: 6811 ஒன்றுக்கு 12 செல், அதற்கு 13 டேப் கம்பி, மேலே தெர்மிஸ்டர் கம்பி. இவை வயர்லெஸ் ஆனாலும் இருக்கும். உங்கள் 0.3 கிலோவில் பெரும்பாலும் இவைதான். மாட்யூலுக்கு மாட்யூல் தகவல் போகும் ஐசோ-எஸ்.பி.ஐ. ஜோடி 6 × 0.3 மீட்டர் × 2 × 3 கிராம், 11 கிராம் வருகிறது. அதற்குப் பதில் ஆறு ரேடியோ. வேண்டாம்.

#12 · சூலூர்_சோல்டர்

எல்லாரும் கம்பியையே புடிச்சுத் தொங்கறீங்க, கனெக்டர் 1.2 கிலோவை யாரும் கேக்கலியே. டாய்ச் கம்பெனி டி.டி. சீரிஸ் கனெக்டர் போட்டிருப்பீங்க. அது 13 ஆம்பியர் பின். சென்சருக்கு எதுக்கு? டி.டி.எம். போடுங்க, 7.5 ஆம்பியர், உருவமே சின்னது. வாங்கும்போதே ஒவ்வொண்ணையும் தராசுல வச்சு எக்செல்ல எழுதுங்க. 12 பின் கனெக்டர்ல 5 பின் மட்டும் யூஸ் பண்ணி மீதிக்கு பிளக் அடிச்சு வச்சிருக்கறதை எல்லாம் மாத்துங்க. கழட்டவே போகாத இடத்துல கனெக்டரே வேண்டாம், ஸ்ப்ளைஸ் கிரிம்ப் போட்டு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போதும்.

24 கேஜுக்கு இறங்கறப்ப ஒரு எச்சரிக்கை. அதே பழைய கிரிம்பிங் பிளையர், அதே பின் போட்டா கம்பி உருவிக்கும். சின்ன கம்பிக்கான பின் தனியா வரும், டையும் மாத்தணும். பத்து சாம்பிள் கிரிம்ப் பண்ணி ஸ்பிரிங் தராசுல இழுத்துப் பாருங்க. கம்பி அறுந்தா நல்ல கிரிம்ப், பின்ன விட்டு வழுக்கி வந்தா குப்பை. கிரிம்ப் பண்ணின இடத்துல ஈயம் வைக்காதீங்க. ஈயம் கம்பி இழைக்குள்ள ஏறி விறைச்சுக்கும், விறைப்பு முடியற இடத்துல அதிர்வுல ஒடியும்.

விசிறி 0.9 கிலோ: 12 வோல்ட்ல 240 வாட் விசிறி 20 ஆம்பியர். 3.3 சதுர மி.மீ. கம்பி, போய்வர 6 மீட்டர், செம்பு மட்டும் 178 கிராம், 0.63 வோல்ட் விழும். அதையே 48 வோல்ட்ல ஓட்டினா 5 ஆம்பியர், 0.52 சதுர மி.மீ. போதும், 28 கிராம். விழறது 1 வோல்ட், ஆனா சதவீதத்துல பாதிக்கும் கம்மி. 60 வோல்டுக்குள்ள இருக்கிறதால லோ வோல்டேஜ் விதிக்குள்ளயும் வரும். 48 வோல்ட் விசிறி கிடைக்கலைன்னா 24-க்காவது போங்க.

48-க்குப் போனா சாதா பிளேடு ஃபியூஸ் போடாதீங்க, அது 32 வோல்டுக்குத்தான். உருகும், ஆனா ஆர்க் அணையாது. 12 வோல்ட் கார் ரிலேவும் அப்படித்தான், கான்டாக்ட் ஒட்டிக்கும்.

#13 · அலைவரிசை_அக்கா

சோல்டர் அண்ணா சொல்றது ஒத்துக்கறேன், ஒண்ணைத் தவிர. கனெக்டர் குறையுறதே ஒரு லாபம்னு பேசறப்போ வயர்லெஸ்ஸை முழுசா ஒதுக்கறது சரியில்லை. சுழலும் இடத்தில் அதுக்கு மாற்றே கிடையாது. டயர் அழுத்த சென்சர் அதனாலதான் உலகம் முழுக்க ரேடியோ. அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் நம்ம ஊரிலும் 433.92. உள்ளே ஒரு பட்டன் செல், வண்டி நகர்ந்தால்தான் விழிச்சுக்கும். இவங்க டயர் உள்பக்க வெப்பம் அளக்கணும்னா அதே வழிதான்.

#14 · சூலூர்_சோல்டர்

சுழலற இடத்துக்கு சரி. ஆனா அதுலயும் பூட்டு இல்லாம விட்டா என்ன ஆகும்னு 2010-லயே அமெரிக்காவுல ரட்கர்ஸ், சவுத் கரோலினா பல்கலைக்கழக ஆளுங்க காட்டிட்டாங்க. டயர் சென்சர் சிக்னலை 40 மீட்டர் தள்ளி நின்னு படிச்சு, ஓடற வண்டிக்கு பொய் சிக்னலும் அனுப்பினாங்க. வயர்ல பூர வண்டியைத் தொடணும்.

#15 · அலைவரிசை_அக்கா

அது சங்கேதம் போடாத குறை, ரேடியோவோட குறை இல்லை. இருந்தாலும் சாவியைப் பகிர்றது, மாட்யூல் மாத்தும்போது திரும்ப இணைக்கறது எல்லாம் வேலைதான், ஒத்துக்கறேன். தம்பி டெலிமெட்ரி லிங்க் போடும்போது இப்படி டெஸ்ட் பண்ணட்டும்: ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓடும் எண் ஒண்ணு, அனுப்பின நேரம் ஒண்ணு. எஸ்.டி. கார்டில் பதிவு. டிரைவர் சீட்டில், பாடி பேனல் மாட்டி, இன்வெர்ட்டர் லோடில், சுத்தி பத்து போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டணும். பார்க்கவேண்டியது விட்டுப்போன எண்களில் தொடர்ச்சியா எத்தனை போச்சுங்கறது. தனித்தனியா நூறு போனா பரவாயில்லை, ஒரேயடியா பத்து போனா ஆன்டெனா இடத்தை மாத்துங்க.

#16 · பழைய_பத்மினி

கடைசியா ஒண்ணு. வயர்லெஸ் ரிவர்ஸ் கேமரா கிட் விக்கறாங்களே, பின்னாடி வரைக்கும் கம்பி இழுக்காம போடலாமா? அலுமினியம் கேபிள் எடை பாதின்னு சொல்றாங்க, அதுவும் உண்மையா?

#17 · செம்புத்தராசு

கேமராவுக்கு ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட், முன்னால் ரிசீவருக்கு 12 வோல்ட், இரண்டும் கம்பியில்தான். மிச்சமாவது நடுவில் ஓடும் வீடியோ கேபிள் மட்டும். விலை மலிவான கிட்டெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அனலாக். பக்கத்து வீட்டு வைஃபை வந்தால் படம் கோடு போடும். கேபிளே இழுங்கள்.

அலுமினியம் உண்மை. கடத்துத்திறன் செம்பில் 61 சதவீதம், அடர்த்தி 2.7. 35 சதுர மி.மீ. செம்பு கேபிள் மீட்டருக்கு 314 கிராம். அதே மின்தடைக்கு 60 சதுர மி.மீ. அலுமினியம், 162 கிராம். ஆனால் லக் போடுவது பட்டறை வேலை இல்லை. மேலே ஆக்சைடு படலம், அழுத்தத்தில் மெதுவாக நெகிழும் குணம், செம்பு லக்கோடு ஈரம் பட்டால் அரிப்பு. தொழிற்சாலையில் உராய்வு வெல்டிங்கோ அல்ட்ராசோனிக்கோ செய்து சீல் வைக்கிறார்கள். கையால் கிரிம்ப் செய்தால் மழைக்காலம் முடிவதற்குள் சூடாகத் தொடங்கும்.

#18 · ரேஸ்பெட்டி_ஈவி

முடிவு: இரண்டு போர்டு, கேன் பஸ், டி.டி.எம்., விசிறி 48. வயர்லெஸ் டெலிமெட்ரிக்கும் டயர் வெப்பத்துக்கும் மட்டும். 500 கிலோபிட்டில் ஒவ்வொரு போர்டும் 200 ஹெர்ட்ஸில் 2 ஃபிரேம் (தகவல் பொட்டலம்) அனுப்பினா பஸ் தாங்குமா? டெர்மினேஷன் (முனை ரெசிஸ்டர்) எங்க வைக்கணும்?

#19 · செம்புத்தராசு

தாராளமாகத் தாங்கும். 8 பைட் ஸ்டாண்டர்டு ஃபிரேம் 111 பிட், மோசமான பிட் ஸ்டஃபிங்கோடு (ஒத்திசைவுக்காக நடுவில் செருகும் பிட்கள்) 135. 4 ஃபிரேம் × 200 × 135 என்றால் 108 கிலோபிட், 22 சதவீதம். இன்வெர்ட்டரும் டேஷும் சேர்ந்தாலும் 50-ஐத் தாண்ட விடாதீர்கள். கூலன்ட் வெப்பத்தை 200 ஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டாம், 2 போதும்.

120 ஓம் இரண்டு முனையிலும் மட்டும்: முன் போர்டில் ஒன்று, பின் போர்டில் ஒன்று. இன்வெர்ட்டருக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா சப்ளையையும் அணைத்துவிட்டு கேன் ஹை, கேன் லோ கம்பி இரண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 40 காட்டினால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ ஒளிந்திருக்கிறது. 120 என்றால் ஒரு முனை திறந்து கிடக்கிறது.

#20 · சூலூர்_சோல்டர்

கேன் ஜோடியை இன்வெர்ட்டர் மூணு ஃபேஸ் கேபிளோட ஒரே டையில சேர்த்துக் கட்டிராதீங்க. குறுக்கே போகணும்னா நேர் செங்குத்தா தாண்டுங்க. கனெக்டர் பக்கத்துல முறுக்கைப் பிரிக்கறது 25 மி.மீ.க்கு மேல வேண்டாம்.